சக்கரத்து மாமன்

ஐம்பதுகளில் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளையாக இருந்தவர்கள் யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேகம்பூர் நூர் முகமதுவின் காரில் கழுத்து நிறைய மாலையோடு ஊர்வலம் போனவர்களாகத்தான் இருப்பார்கள். கல்யாணச் சாப்பாட்டை மறந்திருந்தாலும் அந்தக் காரை மறந்திருக்க மாட்டார்கள். என்ன கார் அது! கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. மேல்கூரையை மடக்கிப் பின்னால் சுருட்டி வைத்துவிடலாம். அது ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால், பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவார்கள்.

நூர் முகமதுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். ஆனால் காரிடம் மட்டும் குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசுவார். "என்னைக் கட்டுனதுக்கு அதையே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்" என்று அவர் மனைவி காதர் பீவி சொல்லாத நாள் கிடையாது. "அதுக்குக் கோபம் வந்தா புகைதான் வரும், உன்னை மாதிரி பேசாது" என்பார் இவர்.

அந்தக் காருக்கு ஒரு கிறுக்கு உண்டு. உலகத்தில் எல்லா நட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இந்தக் காரிலோ இடது பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் அது தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும். வெள்ளைக்காரன் எதற்காக அப்படிச் செய்தானோ, அவனுக்கே வெளிச்சம். அதனால் பஞ்சர் ஒட்டப் போனால் நூர் முகமது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு நாள்தான் அப்படி உட்காரவில்லை. அந்த ஒரு நாள்தான் கதை.

ஐம்பத்தாறாம் வருஷம், தை மாதம். சித்தையன்கோட்டை மொக்கைச்சாமி வீட்டுக் கல்யாணம். மொக்கைச்சாமி கத்தரியும் வெங்காயமும் போடுகிற சம்சாரி. ஒரு மழைக்காலத்தில் ஆத்தூர்ப் பக்கம் கார் சேற்றில் புதைந்து கிடந்தபோது, கேட்காமலேயே தன் மாட்டைப் பூட்டி இழுத்து விட்டவர். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம், இரண்டு பேரும் மாப்ளே மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கல்யாணப் பெண் அவருடைய மூத்த மகள் பொன்னழகு.

அவளுக்கு முந்தின வருஷமே ஒரு சம்பந்தம் வந்து, பரிசம் போட வந்த வண்டி ஊருக்கு வெளியிலேயே அச்சு முறிந்து சாய்ந்துவிட்டது. வந்தவர்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் வாயை யார் மூடுவது? வண்டி ஏறாத ராசி என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டது. இப்போது ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள் சகுனம் பார்ப்பதில் பேர்போனவள். அவள் காதுக்கும் பழைய கதை போயிருந்தது. "கார்லதானுங்க மாப்பிள்ளை அழைப்பு வெக்கோணும்" என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

"மாப்ளே, என் மகளுக்கு இந்த ஒரு தடவை சக்கரம் நல்லா உருண்டாப் போதும்" என்று மொக்கைச்சாமி வந்து சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நூர் முகமது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதே மாப்ளே, என் வண்டி எந்த மாப்பிள்ளையையும் நடக்க விட்டதில்லை" என்றார்.

அழைப்பு நாள் அன்று வத்தலக்குண்டில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இடது பின்சக்கரம் பஞ்சர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சடையாண்டி என்ற வாலிபன் புதிதாக டயர் கடை போட்டிருந்தான். அதற்கு முன்னால் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். தோள் இரண்டும் கருங்கல். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால், நூர் முகமது அவனிடம் காரை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தார். கல்யாண நினைப்பில் நட்டு விஷயத்தைச் சொல்ல மறந்தே போய்விட்டார். திரும்பி வந்தபோது பஞ்சர் ஒட்டி, சக்கரம் மாட்டி, வீல் கப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான் சடையாண்டி. முகத்தை மட்டும் அவன் நிமிர்த்தவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் பின்னாலிருந்து கடக் கடக்கென்று ஒரு சத்தம். நூர் முகமது காரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி வீல் கப்பைக் கழற்றினார். இரண்டு போல்ட்டுகள் முறிந்து மொட்டையாக நின்றன. மூன்றாவதில் திருகுமரையே இல்லை, நட்டு சும்மா தொற்றிக்கொண்டிருந்தது. வீலின் துளைகள் உளிபட்டுக் கிழிந்திருந்தன. உருப்படியாகப் பிடித்திருந்தவை இரண்டே இரண்டு நட்டுகள்.

காரை அப்படியே விட்டுவிட்டு, வெயிலில் விறுவிறுவென்று கடைக்கு நடந்தார்.

"ஏலே சடையாண்டி! என்னலே பண்ணி வெச்சிருக்கே என் வண்டிய?"

சடையாண்டி எழுந்து நின்றான். மறுக்கவில்லை. "திருப்பத் திருப்ப இறுகிக்கிட்டே போச்சு பாய். துருவாக்கும்னு நெனச்சு, ஸ்பானர்ல கொழாய மாட்டி ஏறி மிதிச்சேன். ரெண்டு படக்குன்னு முறிஞ்சிருச்சு. இன்னொண்ண உளி வெச்சு அடிச்ச பெறகுதான் இது தலைகீழாத் திரும்புதுன்னு புரிஞ்சது."

"முறிஞ்சதைச் சொல்ல வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"இப்பத்தான் கடை போட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா எவன் வருவான்னு பயந்துட்டேன். செலவு எம்புட்டானாலும் நாங் குடுத்துர்றேன் பாய்."

நூர் முகமது கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்து என்ன ஆகப் போகிறது? பட்டறையில் கொடுத்துப் புதுப் போல்ட்டு அடிக்க இரண்டு நாளாகும். பொழுது சாய மாப்பிள்ளை ஏறியாக வேண்டும். வேறு காருக்கு எங்கே போவது? கார் போகாவிட்டாலும் அபசகுனம், போய் நடுவீதியில் சக்கரம் கழன்றாலும் அபசகுனம். கிணற்றடிக்குப் போவதை நிறுத்தியிருந்த அந்தப் பிள்ளையின் முகம் கண்முன்னால் வந்தது. கடைவாசலில் கிடந்த டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கோபமெல்லாம் போய் வெறும் பயம்தான் மிச்சமிருந்தது. பொன்னழகின் கதையை அவனிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகையே வந்துவிட்டது.

"சொல்லாமப் போனது என் தப்புந்தான். ஆனா மூடி மறைச்சியே, அதுதான்லே எனக்கு ஆறலை."

சடையாண்டி கையைத் துடைத்துக்கொண்டான். உள்ளே போய் ஸ்பானரையும் ஒரு சுருள் செம்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு வந்தான். கடைப் பலகையைச் சாத்தினான். "வாங்க பாய் போவோம். நாஞ் சக்கரத்துகூடவே நடந்து வாரேன். கழண்டா முடுக்குறேன். அதுக்கும் நிக்கலேன்னா என் தோள் இருக்கு."

மரை போன போல்ட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி நட்டை ஏற்றினார்கள். சித்தையன்கோட்டை வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி, நிறுத்தி நிறுத்தி முடுக்கினார்கள். ஊர் முகப்புப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை பொன்னுத்துரை வெட்கப்பட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். மேளம் முழங்கியது. கார் நகர்ந்தது. இடது பின்சக்கரத்தின் பக்கத்தில், தோள் துண்டுக்குள் ஸ்பானரை மறைத்துக்கொண்டு சடையாண்டி நடந்தான்.

வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். நிற்கும் இடமெல்லாம் சடையாண்டி குனிந்து, துண்டை மறைவாக வைத்து நட்டை ஒரு முடுக்கு முடுக்கி நிமிர்ந்தான். சுந்தரம்மாளின் கண்ணுக்கு இது தப்புமா? காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"ஏனுங்க பாய், அந்த ஆளு யாருங்க? ஊட்டுக்கு ஊடு சக்கரத்துகிட்டக் குனிஞ்சு குனிஞ்சு என்னங்க பண்றாரு?"

மேளம் நின்றிருந்த நேரம். எல்லார் காதிலும் விழுந்தது. எதுவும் அறியாத மொக்கைச்சாமி முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். சக்கரம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது.

நூர் முகமது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "அது இந்தப் பக்கத்து மருவாதிங்கம்மா. பொண்ணுக்கு மாமன் முறை உள்ளவரு, மாப்பிள்ளை ஏறி வார சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டே கூட நடந்து வரணும். நாளைக்கு எங்க பிள்ளையச் சுமந்துக்கிட்டுப் போற சக்கரமாச்சே!"

சொல்லி முடித்தபோது அவருக்குக் காதெல்லாம் சூடேறியிருந்தது. அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். "ஆமாமா, எங்க தாத்தன் காலத்துல இருந்தே உள்ளதுதானே!" என்றார். யார் பெற்ற பிள்ளையோ, மகராசன்!

சுந்தரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க பக்கம் இந்த மாதிரி மரியாதை எல்லாம் இல்லீங்களே" என்று சொல்லி, தட்டிலிருந்த மாலையை எடுத்துச் சடையாண்டி கழுத்தில் போடச் சொன்னாள். சக்கரத்துக்குத் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாலையைச் சுமந்துகொண்டு சடையாண்டி முழித்த முழிப்பு இருக்கிறதே, அதை நூர் முகமது சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பந்தலுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் மேடு. அதில் ஏறும்போது கம்பி சுற்றிய நட்டு தெறித்து விழுந்தது. சக்கரம் ஆட்டம் கண்டது. சடையாண்டி சட்டென்று மட்கார்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். வாழைத்தார் தூக்கிய தோள். மாமனே தோள் கொடுக்கிறார் என்று ஊர் இளவட்டங்களும் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். மேளக்காரர்கள் அதுவும் சம்பிரதாயம்தான் என்று நினைத்து வெளுத்து வாங்கினார்கள். பல்லக்கு மாதிரிக் கார் மேட்டைத் தாண்டி, பந்தல் வாசலில் போய் நின்றது. மாப்பிள்ளை இறங்கினான். பந்தலுக்குள் பெண்கள் குலவையிட்டார்கள். நூர் முகமது சக்கரத்துப் பக்கம் வந்து, வியர்வையும் குங்குமமுமாக நின்ற சடையாண்டியைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பொய் சொல்லிவிட்டேனே என்று காதர் பீவியிடம் புலம்பினார். "கொமருப் பொண்ணு காரியத்துக்குச் சொன்ன பொய்தானே, அல்லாஹ் மன்னிப்பான். சாப்புடுங்க" என்றாள் அவள்.

அதோடு விட்டதா? அடுத்த தையில் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கார் போனால், பெண்ணின் தாய்மாமன் புதுவேட்டியோடு சக்கரத்துப் பக்கம் தயாராக நிற்கிறார்! மாமன் இல்லாத வீட்டுக்காரர்கள் வத்தலக்குண்டுக்கே ஆள் விட்டுச் சடையாண்டியைக் கூட்டிப் போனார்கள். கடையைச் சாத்திவிட்டு, குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுவான். கடைக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. எந்த வண்டி வந்தாலும், "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்காமல் அவன் ஸ்பானரைத் தொடுவதில்லை. நூர் முகமது அந்த வழியாகப் போகும்போதெல்லாம் காரை நிறுத்தாமலே, "ஏலே, எந்தப் பக்கம்?" என்று கத்துவார். "வலப்பக்கம் பாய்!" என்று கடைக்குள்ளிருந்து பதில் வரும். அந்த நாட்களில் அந்தச் சாலையில் காரும் குறைவு. இரண்டு குரலும் நெடுந்தூரம் கேட்கும்.

அறுபத்தேழில் நூர் முகமதுவின் ஒரே மகள் சைனம்புவுக்கு நிக்காஹ். அதற்குள் திண்டுக்கல்லில் புதுக் கார்கள் வந்துவிட்டன. பழைய கார் இருமிக்கொண்டுதான் கிளம்பும். ஆனாலும் மருமகனை அதில்தான் அழைத்து வருவேன், நானேதான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தார். காதர் பீவிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. சீர் எடுத்துவர ஒரு தம்பி இல்லையே என்று காலையிலிருந்தே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சக்கரத்து வழக்கம் தங்களுக்குக் கிடையாது என்பதால் நூர் முகமது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பைத்து என்கிற வாழ்த்துப் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். தெரு திரும்பும்போது நூர் முகமது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு புதுவேட்டி. காதோரம் நரை தட்டிய தலை. தோளில் துண்டு. காரை நிறுத்திவிட்டார்.

"ஏலே, அஞ்சு நட்டும் நல்லாத்தானே இருக்கு. எதுக்குலே நடந்து வாரே?"

"நட்டுக்கு யாரு பாய் வந்தா?" என்றான் சடையாண்டி. "அக்காவுக்குத் தம்பி இல்லேல்ல. அதான் வந்தேன்."

நூர் முகமதுவுக்கு முன்னாலிருந்த தெரு கலங்கித் தெரிந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "யாரு பாய் அவரு?" என்று கேட்டார்.

"பொண்ணோட மாமன்" என்றார் நூர் முகமது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.