சாலைக் கம்போளத்தில் சிக்கிய பிரெஞ்சுக் குதிரைப்படை

இன்றைக்கு பழவங்காடி பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் மொத்தப் பிரான்சையும் பறிகொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கு ஆடியது சுமதி. பக்கத்திலிருக்கும் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் இரும்புக்கடையில் வேலை. தோற்பவர் ஒரு மாசம் சென்டரில் ஃபேனுக்கு அடியில் உட்காரக்கூடாது என்று பந்தயம்.

என்னிடம் நாற்பது குதிரைவீரர்கள், உடம்பெல்லாம் கவசம். அவளிடம் நடந்து வரும் வில்லாளிகள் மட்டும்.

"நடந்து வர்றவங்கள வச்சு என்னத்த ஜெயிக்கப் போற?" என்று சிரித்தேன்.

அவள் இரண்டு காட்டுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான வழியில் போய் நின்றுகொண்டாள். நான் மொத்தப் படையையும் ஒரே விரட்டாக விரட்டினேன். முன்னால் நாலு குதிரை விழுந்ததும் பின்னால் வந்ததெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. அம்புக்கு ஒருத்தன்கூட மிஞ்சவில்லை.

நிஜ பிரெஞ்சுப் பிரபுக்களும் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து வில்லாளிகளிடம் இப்படித்தான் தோற்றார்கள். "இத எங்க படிச்ச?" என்றேன்.

"படிக்கவா? சாலையில லாரி லோடு இறக்கறத பாத்ததில்லையா அண்ணா? முன்னால ஒண்ணு நின்னா போதும், கேட்டோ."

கோபத்தில் ஸ்கூட்டரை எடுத்துக் குறுக்குவழி என்று சாலைக் கம்போளத்துக்குள்ளேயே விட்டேன். வெங்காய லாரிக்குப் பின்னால் அரைமணி நேரம்.

சுமதி குடையோடு பக்கத்தில் நடந்து போனாள். "என்ன அண்ணா, குதிரை நின்னுபோச்சா?"

ஹெல்மெட் வேறு போட்டிருந்தேன். பிரெஞ்சுப் பிரபுக்களைக் குறைசொல்ல இனி எனக்கு வாயில்லை. உங்களில் யாருக்காவது இருக்கிறதா?