பூக்கூடை ஏற்றிய அமெரிக்க வண்டி

மேலூரைத் தாண்டியதும் செருப்பின் வார் அறுந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அழகர்கோவில் சாலையில் வெறுங்காலோடு நடந்தேன். விடிகாலையில் கொட்டாம்பட்டியிலிருந்து கிளம்பியவன். அங்கே ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. பட்டறைக்கு வண்டி வரத்து குறைந்ததும் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார்கள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் இப்படித்தான். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது.

ஒரு மல்லிகைத் தோட்டத்து ஓரம், வேப்பமரத்தடியில், அந்த வண்டி நின்றது. அவ்வளவு பெரிய மோட்டார்சைக்கிளை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு விரலை விரித்துக் காட்டியதுபோல் இரண்டு சிலிண்டர்கள். இடது பக்கம், தனிச் சக்கரத்தோடு ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில், வலது காலில் மாவுக்கட்டோடு ஒருவர் சாய்ந்திருந்தார். அவர் மனைவி காலிக் கூடைகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிற?" என்றார் அவர்.

"என்ன வண்டிண்ணே இது?"

"அமெரிக்கா வண்டி. யுத்தத்துக்கு வந்துச்சு. திரும்பிப் போக வழி தெரியல, எங்கிட்டயே தங்கிருச்சு."

பட்டறையில் வண்டி ஓட்டிப் பார்த்தவன் என்று நான் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அக்காதான் விவரம் சொன்னார். சுற்றிலும் ஐந்து தோட்டங்களில் மல்லிகை மொட்டுகளை வாங்கி, அவை விரிவதற்குள் மதுரை மார்க்கெட்டில் சேர்ப்பது அவர்கள் தொழில். வண்டியை உதைத்துக் கிளப்பும்போது கிக்கர் திருப்பி அடித்து அவர் கால் ஒடிந்த பிறகு நான்கு நாட்களாகப் பூ பஸ்ஸில் போகிறது. பஸ் கூரையில் வெந்து, வாய் பிளந்துதான் போய்ச் சேருகிறது. நாளையும் அப்படியென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தோட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தொழில் போனால் வண்டி எதற்கு? ஆரப்பாளையத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் நாளை மதியம் அதை எடைக்கு வாங்க வருவதாக இருந்தது.

"ஓட்டிப் பாக்குறியா தம்பி? சரியா வந்தா நாளைக்கே வேல" என்றார் அக்கா.

"புல்லட்டே ஓட்டிருக்கேன்க்கா" என்றேன். அந்தப் பேச்சைப் பேசாமல் இருந்திருக்கலாம்.

கால் ஒடிந்த பிறகு முதல் ஓட்டம் என்பதால் மூன்று சக்கரத்துக்கும் முன்னால் அக்கா மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். சூடம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இடது கைப்பிடிய மொதல்ல வெளிப்பக்கம் திருப்பிட்டு உதை தம்பி. அத மறந்துதான் இவரு கால ஒடச்சாரு."

"ஊருக்கெல்லாம் சொல்லு" என்றார் கட்டிலில் இருந்தவர்.

உதைத்தேன். வண்டி எழுந்தது. தடதடவென்று ஒரே சீராக அடிக்கிற சத்தம் இல்லை. இரண்டு தரம் அடித்துவிட்டு ஒரு நொடி யோசித்து மறுபடி அடித்தது. உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கை அகலமாக, தாழ்வாக, ஸ்பிரிங் வைத்து அமுங்கியது. கால் வைக்க இரண்டு பக்கமும் பலகை. புல்லட்டில் உட்கார்ந்தால் நாம் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்போம். இது என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போவதுபோல் இருந்தது. காலையிலிருந்து நடந்த கால்கள் அந்தப் பலகையில் ஓய்ந்து கிடந்தன. அடுத்த ஊர்வரை இப்படியே போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் கால்கள் புல்லட்டில் பழகியவை. அதில் வலது கால் கியர், இடது கால் பிரேக். இதில் இடது கால் கிளட்ச், வலது கால் பிரேக், கியரோ டாங்கின் இடது பக்கம் கையால் தள்ளுகிற கம்பி. கம்பியைத் தள்ளி வண்டியை நகர்த்திய கையோடு, பழக்கத்தில் கியர் மாற்ற வலது காலை அழுத்தினேன். வண்டி குலுங்கி நின்றது. எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் தள்ளிப்போய் உருண்டு கிடந்தன.

"அதுகளுக்கே ஒம்மேல நம்பிக்க இல்ல" என்றார் அண்ணன்.

மறுபடி கிளப்பினேன். இந்தமுறை அக்கா பெட்டியிலிருந்து கையை நீட்டி, நான் கேட்காமலே, கியர்க் கம்பியைத் தள்ளிக்கொடுத்தார். ஒரு பர்லாங் அருமையாகப் போனோம். அப்போது வாய்க்கால் ஓரத்திலிருந்து ஓர் ஆடு குறுக்கே வந்தது. இடது காலை ஓங்கி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"வலது கால்! வலது கால் தம்பி!"

வைக்கோல் படப்பில் முன்சக்கரம் புதைந்து நின்றது. ஆடு எங்களைப் பார்த்துக்கொண்டே அந்த வைக்கோலை மென்றது. அக்காவின் தலைமுடியெல்லாம் வைக்கோல். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ எறங்கு" என்றார். "பெட்டில உக்காரு."

நடவுக்குப் போகிற பெண்கள் கட்டுவதுபோல் சேலையைக் கால்களுக்கிடையில் இழுத்துச் செருகிக்கொண்டார். நான் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, உதைத்துக் கிளப்பிக்கொடுத்தேன். பத்து வருடம் பெட்டியில் உட்கார்ந்து புருஷனின் கால்களையே பார்த்திருந்த பெண். வேறெந்த வண்டியும் ஓட்டியதில்லை. மறக்க வேண்டியது எதுவும் அந்தக் கால்களில் இல்லை. இடது கால் எழுந்தது, கை கம்பியைத் தள்ளியது. ஒரு குலுங்கல் இல்லை.

வேப்பமரத்தடிக்கு வந்தோம். கட்டிலில் இருந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். உருண்டு கிடந்த எலுமிச்சம்பழங்களை நான் பொறுக்கி மறுபடி சக்கரங்களுக்கு முன்னால் வைத்தேன். அக்கா வண்டியை நகர்த்தினார். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின.

அண்ணன் நசுங்கிய பழங்களை எட்டிப் பார்த்தார். பிறகு, "சேல சங்கிலில மாட்டிக்கிரும்டி" என்றார்.

"மாட்டாது."

"ஊரு என்ன சொல்லும்?"

"பூவு நேரத்துக்குப் போயிருச்சுன்னு சொல்லும்."

அவர் தன் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டார். "உதைக்க மட்டும் விடமாட்டேன். ஒரு கால் ஒடஞ்சது போதும் இந்த வீட்டுல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒனக்கு உதைக்கத் தெரியுது. அம்புட்டுதான் தெரியுது. வாரியா?"

அன்று அங்கேயே சாப்பிட்டுத் தூங்கினேன். விடியுமுன் எழுந்தபோது என் செருப்பு தலைமாட்டில் இருந்தது. பூக்கட்டுகிற வாழைநாரை முறுக்கி வாரைத் தைத்திருந்தார் அண்ணன். "வெறுங்காலோட உதைக்காத" என்றார். ஐந்து தோட்டத்துக் கூடைகளும் வந்து சேர்ந்தன. இடது கைப்பிடியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு உதைத்தேன். மூன்றாவது உதைக்கு வண்டி எழுந்தது. பிறகு பெட்டிக்குள் ஏறி, மொட்டுகள் குலுங்காதபடி ஒரு கூடையை மடியிலும் இரண்டைக் கைகளுக்குள்ளும் அணைத்துக்கொண்டு, "போலாம்க்கா" என்றேன்.