மூன்றாக மடித்த துணி

நம்பாவிட்டால் போங்கள், உங்களைக் கட்டிப்பிடித்து நம்ப வைக்க எனக்கு நேரமில்லை. ஆனால் இது நடந்தது. பெரியகல்லாற்றில், கம்சாயினியின் வீட்டு முன் அறையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் கும்மிருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று காத்திருப்பவர்கள் காத்திருங்கள். இதற்கு உச்சி வெயில்தான் பிடிக்கும்.

கம்சாயினிக்கு ஒரே அண்ணன், மதுரன். கட்டாரிலிருந்து திரும்பி வந்த கையோடு, ஏறாவூரில் ஒரு வீட்டிலிருந்து பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். பெரிய ஸ்பீக்கர் இரண்டு, ஒரு ஹெட்போன், ஒரு ரிமோட், முன்பக்கத்தில் கைக்கு அடங்காத வொலியூம் குமிழ். வீட்டில் எல்லோருக்கும் அது ‘செட்’. மதுரன் கலியாணம் முடிக்கவில்லை. அந்தச் செட்டோடுதான் குடும்பம் நடத்தினான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

பகிடிக்கு ஏற்ற ஆள்தான். வாவிக்காற்றில் உப்பு, அது வயரைத் தின்றுவிடும் என்று பிளக்கைக் கழற்றிவிட்டு வயர் நுனிகளைத் துடைத்துக்கொண்டே இருப்பான். தூசிக்குப் பூவேலைத் துணி போட்டு மூடுவான். பாட்டுப் போடுமுன் அந்தத் துணியை எடுத்து, நான்காக மடித்து, பக்கத்தில் வைப்பான். மூடியபடி பாடவிட்டால் செட் சூடேறி எரிந்துவிடுமாம். நிறுத்துமுன் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவான்.

தங்கையின் மகள் யதுஷிகாவுக்கு நான்கு வயது. தகப்பன் ரதீஸ் இரவில் வாவியில் றால் பிடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அதனால் பிள்ளை ஹெட்போனில்தான் பாட்டுக் கேட்கும். அதற்கும் மதுரன் சட்டம் போட்டிருந்தான்.

“புள்ளைர காதில வைக்க முதல் குமிழப் பார். உன்ர காதில வெச்சுப் பார். மறுகா குடு. பிஞ்சுக் காது புள்ள அது.”

அந்த மதுரன்தான் கல்லாற்றுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தான். நல்லவனைத்தானே முதலில் கூப்பிடுவார்கள்.

முப்பத்தோராம் நாள் படையல். அவனுக்குப் பிடித்த நண்டுக்கறி, வெற்றிலை, ஒரு போத்தல் பியர், எல்லாம் வாழையிலையில் வைத்தார்கள். கம்சாயினி அந்த ரிமோட்டையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள்.

“செட்டையும் புள்ளையையும் இனி நீதான் பாத்துக்கொள்ள வேணும்... வா...” என்று தலையிலடித்து அழுதாள்.

படைக்கும்போது பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அழுகையில் அவள் பேரை விட்டுவிட்டாள். சுற்றி நின்றவர்களும் கவனிக்கவில்லை. வாசல் திறந்துதான் கிடந்தது.

மறுநாளே தொடங்கியது.

மதியம் கறி அடுப்பில் இருந்தது. பிள்ளைக்குப் பாட்டுப் போட முன் அறைக்கு வந்தவள் நின்றுவிட்டாள். செட்டின் மேலிருந்த துணி மடித்து, பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. முதல் நாள் அரைவாசியில் விட்ட குமிழ், பூச்சியத்தில் நின்றது.

“இஞ்சருங்க... அண்ணன் வந்துட்டுப் போயிருக்கான்!”

ரதீஸ் பாயிலிருந்து தலையைத் தூக்கினான். “ரிமோட் எங்கயாச்சும் அமத்துப்பட்டிருக்கும் புள்ள. படு பேசாம.”

ரிமோட்டில் பற்றரி இல்லை. அவள்தான் கழற்றி டோர்ச்சுக்குப் போட்டிருந்தாள்.

ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோசம் வந்தது, பாவி. செத்தும் அண்ணன் காவலிருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்தது. ஒவ்வொரு நாளும் துணி மடித்திருக்கும். ஒவ்வொரு நாளும் குமிழ் பூச்சியத்தில் இருக்கும். முதலில் சில நாள் ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்துத்தான் பிள்ளைக்குக் கொடுத்தாள். பிறகு குமிழை மட்டும் பார்த்தாள். பிறகு அதையும் விட்டாள். அண்ணன் பார்க்கிறானே, தான் எதற்கு?

நம்பினார் கெடுவதில்லை என்பார்கள். சொன்னவர் இந்தச் செட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் அவள் கண்ணில் உறுத்தியது. அண்ணன் துணியை நான்காக மடிப்பான். இது மூன்றாக மடித்திருந்தது. செத்த பிறகு பழக்கம் மாறாதா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளை சொன்னது.

“அம்மா... இது மாமா இல்ல.”

“வேற ஆரு?”

“மாமாட விரல் இவ்வளவு நீட்டு இல்ல.”

பிள்ளைப் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து இன்றைக்கும் தன் வாயில் தானே அடித்துக்கொள்கிறாள்.

அன்றும் உச்சிப்பொழுது. ரதீஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். யதுஷிகா தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். கம்சாயினி ஒரு கையில் அகப்பையோடு வந்தாள். கண் அடுப்பில். மற்றக் கையால் சுவிட்சைப் போட்டாள். குமிழைப் பார்க்கவில்லை.

கிரீ...ச்.

காதுக்குள் கேட்க வேண்டிய சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

பிள்ளையின் வாய் திறந்தது. அழுகை வரவில்லை.

அகப்பையை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். ஹெட்போனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பிள்ளையின் தலைதான் கூடவே வந்தது. இரண்டு பக்கமும் யாரோ கைவைத்து அழுத்திப் பிடித்திருந்த மாதிரி...

“விடு! ஐயோ... அண்ணா, விடு!”

ரதீஸ் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பிளக் அவன் கையில்.

சத்தம் நிற்கவில்லை.

குமிழ் கடைசிவரை திரும்பி நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்ல அசைந்தது. மெல்ல... மெல்ல... அவசரமே இல்லாமல் பூச்சியத்துக்கு வந்தது.

டிக்.

ஹெட்போன் தானாகக் கழன்று விழுந்தது. பக்கத்தில் துணி இருந்தது. மூன்றாக மடித்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சோதித்துவிட்டு, இரண்டு காதும் போய்விட்டது, இனி வராது என்றார். யதுஷிகா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் சத்தமில்லாமல் அழுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ரதீஸ் செட்டைக் கோடாலியால் கொத்தினான். துண்டு துண்டாகத் தோணியில் ஏற்றி, வாவி நடுவில் கொட்டினான். மூடிய துணியை அடுப்பில் போட்டான். அதோடு சனியன் தொலைந்தது என்றுதான் நினைத்தார்கள்.

கம்சாயினிக்கு மனம் ஆறவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, புருசனோடு ஏறாவூருக்குப் போனாள். செட் வாங்க மதுரனோடு போன கூட்டாளி நௌஷாட்தான் அதை விற்ற வீட்டைக் காட்டினான். கதவைத் திறந்த பெண்ணின் பேர் நஸீபா. யதுஷிகாவைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பின்னால் கையைத் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை.

நஸீபாவின் முகம் வெளுத்துவிட்டது. வந்தவர்கள் விசயத்தைச் சொல்லுமுன் அவளே கேட்டாள்.

“துணி... மூண்டா மடிச்சிருக்குமா?”

“ஓம்,” என்றாள் கம்சாயினி.

“எங்கட வாப்பா மௌத்தான பொறகு, அவர்தான் வந்து பாத்துக்கொள்றாரெண்டு நாங்களும் நெனச்சம் புள்ள.”

உள்ளே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நஸீபாவின் மகள் அகீலா. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். தாய் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவளுக்கும் இரண்டு காதும் கேட்காது.

ஆனால் அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சு. கெட்டியாக அடைத்த பஞ்சு.

“தெரிஞ்சுகொண்டா வித்தீங்க?” ரதீஸ் கத்தினான். “எங்கட புள்ளைர தலையில கட்டினீங்களா?”

“வித்தாப் போயிடுமெண்டு நெனச்சம்,” என்றாள் நஸீபா. வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

“காது கேக்காத புள்ளைக்குப் பஞ்சு எதுக்கு?” கம்சாயினி அகீலாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

நஸீபா வாசலைப் பார்த்தாள். வெயில் தலைக்கு நேரே நின்றது.

“வேற ஒண்டும் கேக்காது. அந்தச் சத்தம் மட்டும் கேக்கும். இந்த நேரத்துக்கு. முதல்ல மெதுவாத்தான் இருந்திச்சாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம்... கொஞ்சமாக் கூட்டுறானாம்.”

அகீலா சுவரில் தலையை முட்டத் தொடங்கினாள்.

கம்சாயினி குனிந்து தன் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

யதுஷிகா இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.