இரண்டு சாம்பியன்களும் ஒரு நடுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை, ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை ஒன்று நடந்தது. அறுபதுகளின் சாம்பியனும் எண்பதுகளின் சாம்பியனும் மோதினால் ஜெயிப்பது யார்?

இருவரும் மோத வழியே இல்லை. அதனால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை!

பட்டுச்சேலைக் கடை சேகர் பழையவர் கட்சி. "அவரு ஒரு எடத்துல நிக்கமாட்டாருபா. ஆடிகினே இருப்பாரு. உன் ஆளு காத்தைத்தான் குத்தணும்."

ரிடையர்டு வாத்தியார் பாஸ்கர் புதியவர் கட்சி. "ஒரே குத்து. ஜல்தியா வீட்டுக்குப் போயிடலாம்."

நான்? யார் தோற்கிறாரோ அவர் பக்கம். விவாதம் நீள வேண்டுமே!

அப்போதுதான் முனிரத்தினம் அண்ணன் வந்தார். ராணுவத்தில் ஹெவிவெயிட் வீரராக இருந்தவர். எங்களில் நிஜமாக அடி வாங்கியவர் அவர் ஒருவர்தான். சேகர் விடுவாரா? கையைப் பிடித்து உட்காரவைத்து, போனில் பழைய சண்டை ஒன்றை ஓடவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே, யாரு ஜெயிப்பாங்க?"

போனில் கூட்டத்தின் இரைச்சல்... அண்ணன் மெதுவாக எழுந்தார். இரண்டு முஷ்டிகளும் முகத்துக்கு முன்னால் வந்தன. நாங்கள் கைதட்டினோம். பாஸ்கர் விசில்கூட அடித்தார்.

அண்ணன் பின்வாங்கினார். சுவரோரம் போய், முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டார்.

"பெல்லு அடிச்சாச்சு இல்ல? இன்னும் ஏன்டா அடிக்கிறீங்க?"

பக்கத்து மருந்துக்கடையில் நின்றிருந்த அவர் மனைவி ஓடிவந்தார். அருகில் உட்கார்ந்து, முகத்திலிருந்து அவர் கைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"காலைல சாப்ட்டதே இவருக்கு ஞாபகம் இல்லீங்க. தலைல வாங்கின அடின்னு டாக்டரு சொல்றாரு. என் பேரே பாதி நாள் தெரியல. இவராண்ட போயி யாரு ஜெயிப்பான்னு கேட்டுகினு இருக்கீங்களே..."

"எங்களுக்குத் தெரியாது அண்ணி" என்றார் சேகர்.

"மெடலு வாங்கிகினு வந்தப்போ மட்டும் தெருவுக்கே தெரிஞ்சுதே?"

அண்ணனைத் தூக்கிவிட எழுந்தோம். "வேணாங்க" என்று அண்ணி தானே கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

ரசிகனுக்குச் சண்டை கடைசி பெல்லோடு முடிந்துவிடுகிறது. அடி வாங்கியவனுக்கு? அவனோடு வாழ்கிறவளுக்கு?

மறுநாள் அதே கடைக்குப் போனேன். வெட்கத்தில் சேகரும் பாஸ்கரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வந்திருந்தார்கள். அதே விவாதம். நானும் உட்கார்ந்தேன்.

குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டோம் — எங்கள் நாகரிகம் அவ்வளவுதான்!