ஓர் ஆளைக் குறைத்துச் சொல்லும் வீடு

எங்கள் தீவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் ஓர் ஆளைக் குறைத்துத்தான் சொல்வார்கள். சண்டைக் காலத்தில் உண்மையைச் சொன்ன வீட்டுப் பிள்ளைகளைத்தான் முதலில் பிடித்துப் போனார்களாம். படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு அம்மா இல்லையென்றாள். அவளுடைய தம்பி அப்போது தீவில் ஒளிந்திருந்தார். பிறகு அவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை.

நான் காரைக்குடிப் பக்கத்து அகதி முகாமில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், இப்போது எம்.காம். முகாமில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பது நான்தான். அப்பா இறந்தபின் வீட்டில் அம்மா, நான், தங்கச்சி. அந்தப் பழக்கத்தைப் படிக்காதவர்களின் பயம் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தார். போரில் காணாமல் போனவர்களின் பட்டியலை ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுப்பதாகச் சொன்னார். அதில் பெயர் சேர்ந்தால், தேடச் சொல்லித் தீவின் அரசாங்கத்திடம் மனுக் கொடுப்பார்களாம். மாமாவைத் தேடச் சொல்லிக் கேட்க எங்களுக்குக் கிடைத்த முதல் வழி அது. ஆனால் அந்தப் பெண் எங்கள் கதவு எண்ணைக் குறித்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்குட்டிருந்து வாரீக?" என்று கேட்டேன்.

"மதுரை."

அடையாள அட்டையைக் காட்டினார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இத இப்ப யாரு வேணாலும் அடிச்சுக்கலாம்ல."

"பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாகம்மா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அம்மா உள்ளேயிருந்து, "எனக்குச் சகோதரம் ஒண்டும் இல்லையெண்டு சொல்லு பிள்ளை" என்றாள்.

அவர் பேனாவை மூடவில்லை. "சரி, வீட்ல எத்தனை பேரு?"

"அம்மாவும் நானும்."

தங்கச்சி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். அவளை விட்டுவிட்டது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அம்மா வாசலுக்கு வந்து, 'உனக்குமா?' என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "மூண்டு பேர். இளையவள் தைக்கப் பழகப் போயிட்டாள். எனக்கொரு தம்பியும் இருக்கிறான். எழுதுங்கோ" என்றாள்.

அவர் ஆதாரம் கேட்டார். எங்களிடமுள்ள, கரையிறங்கிய அன்று எழுதிய ஒரே பதிவுத் தாளில், அம்மாவுக்கு உடன்பிறந்தவர் இல்லை என்றுதான் இருக்கிறது. அன்று சொன்னது பொய் என்று அம்மா இப்போது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் தவறான கைக்குப் போனால் முகாமில் எங்கள் பதிவுக்கே ஆபத்து. மெதுவாக அதை அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியும். நீ எழுது."

எழுதினேன். அம்மா பெருவிரலில் மை தடவி வைத்தாள். அந்தப் பெண் தாளை மடித்துப் பையில் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி முகாம் வாசலைத் தாண்டுவதற்குள் அதன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.