தாய்ப்பெட்டியில் எழுதிய பேர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் என்னிடம் வெப்சைட் செய்யக் கொடுக்கும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் வேலை சுத்தமாக இருக்கும். அது சும்மா வந்துவிடவில்லை. முதன்முதலில் செய்த சைட்டில், கடையின் போன் நம்பரைக் காப்பி எடுத்து அறுபது பக்கத்திலும் தனித்தனியாக ஒட்டினேன். நம்பர் மாறியது. ஐம்பத்தொன்பதை மாற்றினேன், ஒன்றை விட்டுவிட்டேன். ஜனங்கள் சரியாக அந்த ஒன்றைத்தான் பார்த்தார்கள். அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வியில், இனிமேல் எதையும் இரண்டு தடவை எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கு நான் சைட் செய்யும் சாஃப்ட்வேரிலேயே வழி இருக்கிறது. ஒரு பெட்டியை ஒரே ஒரு தடவை செய்து கம்போனன்ட் ஆக்கிவிட்டால், எத்தனை பக்கத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லாம் மூலப் பெட்டியோடு கோத்தபடியே இருக்கும். அங்கே ஓர் எழுத்தை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். அந்த மூலத்துக்கு நான் வைத்த பேர் தாய்ப்பெட்டி. பக்கத்துக்குப் பக்கம் மாறவேண்டிய விஷயத்துக்குப் பெட்டிக்குள் ஒரு காலி இடம் விடவேண்டும். அங்கே எழுதுவது அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். இவ்வளவுதான் வித்தை.

போன ஆடியில் ஒரு பட்டுக்கடைக்கு சைட் செய்தேன். நாற்பத்தெட்டுப் புடவை, புடவைக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெட்டி: நிறம், கரை, ஜரிகை, கடைசி வரியில் 'நெய்தவர்'. அந்தக் கடைசி வரி என் யோசனை. முதலாளி பிடிகொடுக்கவில்லை.

"நெய்ஞ்சவங்க பேரு எதுக்குமா? போட்டா புடவ வாங்க வர்றவங்க நேரா அவங்க வூட்டையே தேடிக்கினு போயிடுவாங்க. காஞ்சிபுரம் கைத்தறி நெசவாளர்னு பொதுவா போடு, போதும்."

எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம் என்பதால், அந்த வரிக்குக் காலி இடம் விடாமல் தாய்ப்பெட்டியிலேயே எழுதினேன்.

நான் குடியிருப்பது மாடியில். கீழ் வீட்டில் தறி. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் நெய்கிறவர்கள். அந்த அக்கா ஒருநாள் காயவைத்த துணியை எடுக்க மேலே வந்தவள், என் கம்ப்யூட்டரில் ஓர் அரக்கு நிறப் புடவையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது நான் நெய்ஞ்சது."

கோர்வைப் புடவை அது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு போகவேண்டும், அதனால் தறியில் இரண்டு ஆள் உட்காரவேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார், மற்றவர் பக்கத்தில் இருந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார். எப்போதும் அவள் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நடுவில்; அக்கா பக்கத்தில். இந்தப் புடவையின்போது அண்ணனுக்குத் தோள் வலி. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அக்காதான் நடுவில் உட்கார்ந்து முழுசாக நெய்திருக்கிறாள்.

"ஆனா கடைல குடுத்தது அவரு பேருலதான். எல்லாமே அவரு பேருலதான். பொண்ணு காலேஜ் ஃபாரத்துல அம்மா தொழில் இன்னான்னு கேட்டிருந்தான். வூட்டு வேலைனு எழுதிட்டாரு. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருக்கேன்."

"நீ கேக்கலியாக்கா?"

"கேட்டேனே. கூட உக்கார்றதெல்லாம் ஒரு தொழிலான்னாரு." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஒரு புடவைக்கு என் பேர போடுவியாமா? பொண்ணுக்குக் காட்டணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியாவது, அனுமதியாவது! அந்தப் பக்கத்தைத் திறந்தேன், கடைசி வரியை அழித்தேன், அக்கா பேரை அடித்தேன், பப்ளிஷ் கொடுத்தேன். அக்கா தன் போனில் அதைத் திறந்து, பேர் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நானும் பெரிய சாதனை செய்துவிட்டதாகச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி போன். "யாருமா அது? என் கடைல இருக்கிற நாப்பத்தெட்டுப் புடவையையும் ஒரே பொம்பளயா நெய்ஞ்சா? உடனே கிளம்பி வா!"

அப்போதுதான் உறைத்தது. அந்த வரிக்குத்தான் காலி இடமே இல்லையே. ஒரு பக்கத்தைத் திறந்து அடித்தாலும் பேர் போய் விழுந்தது தாய்ப்பெட்டியில். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற எனக்கு இது தேவைதான். படியிறங்கும்போது அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தறியை அப்படியே விட்டு எழுந்தாள். "என் பேராலதான வம்பு? நானும் வரேன்."

கடைச் சுவரில் பெரிய டிவி, அதில் சைட் ஓடிக்கொண்டிருந்தது. புடவை கொடுக்க வந்த நெசவாளர்கள் ஏழெட்டுப் பேர் அதன் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் அதில் ஒருத்தர். "ரெண்டு மாசம் குந்திக்கினு நெய்ஞ்சது நானு, பேரு எவளுதோ!" என்றார் ஒருவர். நேற்றுவரை பேரே இல்லாதபோது யாரும் வாய் திறக்கவில்லை. இன்னொருத்தர் பேர் வந்தவுடன் எல்லோருக்கும் சுருக்கென்றது.

முதலாளி என் லேப்டாப்பைச் சுட்டிக் காட்டினார். "அந்த வரியையே எடுத்துடு. ஒரு பேரும் வேணாம்."

எடுப்பது சுலபம். தாய்ப்பெட்டியில் ஒரு தட்டு, நாற்பத்தெட்டிலும் போய்விடும். இந்த வசதியைத்தான் நான் ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எடுக்கமாட்டேன் சார்."

"இன்னாது?"

"ஒரே பேரு எல்லாத்துலயும் வந்தது என் தப்பு. உங்கள கேக்காம போட்டதும் தப்பு. திட்டுங்க, வாங்கிக்கறேன். வேலைய விட்டுப் போன்னாலும் போறேன். ஆனா பேரே இல்லாம பண்ற வேலைய நான் செய்யமாட்டேன். இவங்கள கேட்டுப் பாருங்க."

கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எடுக்காதமா, என் புடவைக்கு என் பேர போடு" என்றார் முதலில் கத்தியவர். "எனுதுக்கும்" என்றார் அடுத்தவர். முதலாளி மறுபடி அதே பயத்தைச் சொன்னார், தேடிப் போய்விடுவார்கள் என்று. "பேருதான போடச் சொல்றோம், அட்ரஸா போடச் சொல்றோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார்.

அங்கேயே, பட்டுக்கடை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தாய்ப்பெட்டியின் கடைசி வரியை வெறுமையாக்கி, அதில் காலி இடம் திறந்தேன். பிறகு பக்கம் பக்கமாகப் போனேன். டிவியில் புடவை வர வர, அவரவர் தங்களுடையதைச் சொன்னார்கள். வராதவர்களுடையதையும் அவர்களே கரையைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டிசைன் போடுற ஜக்கார்டு அட்டைல ஒரு ஓட்டை தப்பா வுழுந்தா, நெய்ஞ்ச வரைக்கும் பிரிச்சாகணும். நீ பிரிக்காமயே சரி பண்ற. குடுத்து வச்சவ!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் வீட்டுப் புடவை மொத்தம் மூன்று. முதல் இரண்டுக்கும் "எனுது, எனுது" என்றார். மூன்றாவதாக அரக்குக் கோர்வை வந்தது.

"இது யாரு நெய்ஞ்சதுண்ணா?" தெரிந்தேதான் கேட்டேன். அவர் வாயாலேயே வரட்டும்.

அண்ணன் டிவியைப் பார்த்தார். அக்கா தலையைத் தூக்கவில்லை. கடையில் மற்ற எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கை தன்னால் போய் வலது தோளைப் பிடித்துவிட்டது.

"அது கோர்வைமா. ஒரு ஆளால நெய்ய முடியாது."

"ரெண்டு பேரு பேரும் போடலாம்ணா, இடம் இருக்குது. யாரு பேரு முதல்ல?"

"அவ பேர மட்டும் போடு" என்றார் மெதுவாக. "அதுல நான் சும்மா கூட உக்காந்தவன்."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரையும் போடுமா. கூட உக்கார்றதும் தொழில்தான்."