கெமிஸ்ட் அக்காவின் வலது கன்னம்

என் அலுவலகச் சுவரில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. கிரீம் டப்பாவுக்குப் புது லேபிள் வரைய வந்த பெண் போன வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், இந்த ஆன்டிக்கு ஒரு கன்னம் மட்டும் கறுப்பா இருக்குலா. கழட்டிக் குடுங்க, ரெண்டையும் ஒரே கலராக்கித் தரேன்" என்றாள். நான் கழற்றவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மேசை போட்டுக் கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் விற்றவனுக்கு இன்று தெலுக் பங்லிமா காராங்கில் சொந்தத் தொழிற்சாலை. எவனும் கைதூக்கிவிட்டு நான் ஏறவில்லை. எந்த மேடையிலும் இதைச் சொல்வேன். முகத்தில் கறுப்பாகப் படரும் மங்குக்கு நாங்கள் செய்யும் கிரீம் என்று வரும்போது மட்டும் என் பெருமை கொஞ்சம் தள்ளி நிற்கும். அது இந்தப் படத்தில் இருக்கிற கெமிஸ்ட் அக்காவின் வேலை.

அக்கா யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் என்னிடம் வந்தார். அவருக்கே இரண்டு கன்னத்திலும் அடர்ந்த மங்கு. மலாய்க்காரர்கள் செங்குவாங் என்னும் கிழங்கின் சாற்றைச் சோதித்துப் பார்த்தார், முசுக்கொட்டைப் பட்டையைப் பார்த்தார், கடைசியில் அதிமதுரத்தில் வந்து நின்றார். கிள்ளான் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வேரை நானே சுமந்து வருவேன். தோலில் கருமை ஊறுவதைக் குறைக்கிற சத்தை அதிலிருந்து வடித்துக் கிரீமில் சேர்த்தார். சேர்த்ததை இடது கன்னத்துக்கு மட்டும் பூசினார். வலது கன்னத்தைத் தொடவே இல்லை.

"பூசாத கன்னம் பக்கத்தில இருந்தாத்தானே தம்பி, பூசினது என்ன செய்யுதெண்டு தெரியும்."

மாதங்கள் போகப் போக இடது பக்கம் தெளிந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. அந்த முகத்தோடுதான் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க நடந்தார். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், "என்னக்கா, பாதி மூஞ்சிக்குத்தான் கிரீம் கெடச்சுதா?" என்று சீண்டினார். "மிச்சம் உமக்கு வச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு அக்கா ரசம் கேட்டார்.

அந்தச் சமயத்தில் அக்காவின் மகனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பையன் என்னைத் தேடி வந்து, "அங்கிள், பொம்பிளை வீட்டுக்காரர் பெரிய இடம். எல்லாரும் அம்மாவைப் பாத்துச் சிரிக்கப் போகினம். மற்றக் கன்னத்துக்கும் பூசச் சொல்லுங்கோ, இல்லாட்டி மேக்கப்பாவது போடச் சொல்லுங்கோ" என்றான். கண் கலங்கியிருந்தது. சொல்லிப் பார்த்தேன். "சோதனை முடியேல்லைத் தம்பி. இப்ப கைவச்சா எல்லாம் வீண்" என்று முடித்துவிட்டார்.

நான் விடுவேனா? மண்டபத்தில் போட்டோக்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு படத்துக்கும் அக்காவை வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, மணமக்களைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பவைத்தேன். தெளிந்த கன்னம் மட்டும்தான் கேமராவுக்குத் தெரியும். லோரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறவன் மாதிரி, "இன்னும் கொஞ்சம்க்கா, ஆங், நில்லுங்க!" என்று கையாட்டிக்கொண்டே இருந்தேன். இந்த மூளை படித்தவனுக்கு வருமா என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

கடைசிப் படம். அக்கா ஓரத்திலிருந்து நகர்ந்து, மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் வந்து நேராக நின்றார். "இவ்வளவு நேரமும் தம்பிக்காகத் திரும்பினன். இது எனக்கு. நேர எடும்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போது மணப்பெண்ணின் அம்மா பட்டுச்சேலை சரசரக்க வந்து அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கிட்டே பார்த்தால் அவர் பவுடருக்கு அடியிலும் மங்கு.

"சம்பந்தி, எந்தக் கன்னத்துக்குப் பூசுனீங்க?"

அக்கா இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும் ஒரு டப்பா குடுங்க. நான் ரெண்டுக்கும் பூசிக்கிறேன்லா."

குனிந்திருந்த பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் கேமரா பிடித்தது.

சோதனை முடிந்த பிறகு அக்கா வலது கன்னத்துக்கும் பூசினார். அதுவும் மெல்லத் தெளிந்தது. ஆனால் இரண்டும் ஒன்றான அந்த முகம் எனக்கு ஞாபகத்தில் நிற்கவே இல்லை. அவர் இறந்த செய்தி வந்த அன்றும் என் கண்ணில் வந்து நின்றது இந்தப் படத்து முகம்தான்.

லேபிள் வரைய வந்த பெண் இதையெல்லாம் கேட்டபடி டீயைக் குடித்து முடித்துவிட்டுப் படத்தருகே போனாள். "கலர் அப்படியே இருக்கட்டும் அங்கிள். ஆனா கண்ணாடியில தூசி, தொடச்சு வைங்க" என்றாள்.

சட்டை நுனியால் நானே துடைத்தேன். தூசி போனது. வலது கன்னம் கறுப்பாகவே இருந்தது, அக்கா விட்டுவைத்தபடி.